மழைக்கு ஒரு பேரேடு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாத உறுப்பினர்களுக்காகச் செய்தி மடலில் வெளியிடப்படுகிறது.)



வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. அதற்குள் நம் சங்கம் ஒரு காரியத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் தலைவரிடம் இருபது நிமிடம் வாங்கினேன். நம் தெருக்களில் எவ்வளவு மழை பெய்கிறது, அந்தத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, எந்தத் தடுப்புச்சுவர் பிதுங்கி நிற்கிறது, எந்த ஊற்று கலங்குகிறது, அவசரம் என்றால் யாரைக் கைத்தாங்கலாக அழைத்து வர வேண்டும் என்பதற்கெல்லாம் ஒரு பதிவேடும் ஒரு வரைபடமும் வேண்டும். இதுதான் என் கோரிக்கை.

நான் மண்ணியல் படித்தவன் அல்ல. மருத்துவமும் தெரியாது. பி.காம். முடித்து வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, நடந்ததை நடந்த அன்றே, அதற்குரிய கணக்கில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவது. இந்த வேலைக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

சராசரி சொல்லாத சேதி

2009 நவம்பர் மாதத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நவம்பர் 10 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கேத்தியில் 82 செ.மீ. மழை பதிவானது. குன்னூரிலிருந்து ரயிலேறினால் வெலிங்டன், அருவங்காடு, அடுத்தது கேத்தி. அவ்வளவு பக்கம். ஆனால் அதே நாளில் உதகையில் பெய்தது அதில் ஒரு பகுதிதான். அந்த மழையில் நம் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள்.

பத்து வருடம் கழித்து, 2019 ஆகஸ்ட் மாதம் தென்மேற்குப் பருவத்தில், அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்போது மலையின் கிழக்குப் பக்கம் இருக்கும் நமக்குக் கிடைத்தது அதில் சிறு பங்கு. தேவாலா, கூடலூர், மேல்பவானி பக்கம் ஆடியில் பெய்யும். குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும். ஆறு தாலுகா, ஏறக்குறைய 2,500 சதுர கி.மீ., 2011 கணக்கெடுப்பின்படி 7,35,394 பேர். இவ்வளவுக்கும் சேர்த்து, "நீலகிரியில் சராசரி மழை இவ்வளவு" என்று செய்தியில் சொல்கிறார்கள். கிளையின் மொத்த வைப்புத்தொகையை வாடிக்கையாளர் எண்ணிக்கையால் வகுத்து, "உங்கள் கணக்கில் இவ்வளவு இருக்கிறது" என்று ஒருவரிடம் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும். நமக்கு வேண்டியது நம் தெருவின் இருப்பு.

அரசாங்கம் வரைபடம் போடவில்லை என்று நான் சொல்லவில்லை. 1978, 1979 ஆண்டுகளின் சரிவுகளுக்குப் பிறகே இந்த மலையில் ஆபத்தான சரிவுகளை வகைப்படுத்தும் வேலை தொடங்கிவிட்டது. 1993இல் மரப்பாலம் பக்கம் மலை இறங்கியபோதும், 2009க்குப் பிறகும் ஆய்வுகள் நடந்தன. மாவட்ட நிர்வாகம் பேரிடர் வாய்ப்புள்ள இடங்கள் என்று 283 இடங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை டார்ஜிலிங், கலிம்போங் மாவட்டங்களோடு நம் நீலகிரிக்கும் நிலச்சரிவு முன்னறிவிப்பு கொடுக்கிறது. அதற்கான தேசிய மையம் 2024 ஜூலையில் கொல்கத்தாவில் திறக்கப்பட்டது.

ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் துறை நாடு முழுவதற்கும் போட்டிருக்கும் நிலச்சரிவு வாய்ப்பு வரைபடத்தின் அளவை 1:50,000. அதாவது படத்தில் ஒரு சென்டிமீட்டர், தரையில் 500 மீட்டர். ஒரு மில்லிமீட்டர் என்றால் 50 மீட்டர். நம் தெருவின் முதல் வளைவிலிருந்து கோயில் வரை அந்தப் படத்தில் பென்சில் முனையால் மறைந்துவிடும். எந்த வீட்டுக் கழிவுநீர் எந்தச் சுவருக்குப் பின்னால் இறங்குகிறது என்பதைக் கொல்கத்தாவிலிருந்து பார்க்க முடியாது. அது இங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

பக்கத்து மாவட்டத்தில் செய்கிறார்கள்

பந்தலூர்க்காரர்களுக்கு ஊட்டியைவிட வயநாடுதான் பக்கம். அந்த வயநாட்டில், கல்பற்றாவில், ஹியூம் சூழலியல் மையம் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. மாவட்டம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து 200க்கும் மேற்பட்ட மழைமானிகளிலிருந்து கணக்கு வாங்குகிறார்கள். அளப்பதில் பெரும்பங்கு அந்தந்த ஊர் மக்களுடையது.

2024 ஜூலை 30 நள்ளிரவுக்குப் பிறகு முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் அடித்துச் செல்லப்பட்டன. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அருகிலிருந்த புத்துமலை மழைமானியில் 48 மணி நேரத்தில் 57 செ.மீ. பதிவாகியிருந்தது. முந்தின நாள் காலையிலேயே, அந்தப் பக்கம் சரிவு வரலாம் என்று அந்த மையம் மாவட்ட நிர்வாகத்துக்குச் சொல்லிவிட்டது.

இதை நான் இரண்டு காரணத்துக்காகச் சொல்கிறேன். ஒன்று, சாதாரண மனிதர்கள் காலையில் எழுந்து அளந்து சொன்ன எண், ஆபத்தைச் சில மணி நேரம் முன்பே காட்டிக்கொடுத்தது. இரண்டு, எண் இருந்தும் அத்தனை பேர் போனார்கள். ஆகவே பதிவேடு மட்டும் உயிரைக் காப்பாற்றாது. எந்த எண் வந்தால், யார், எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதை வெயில் அடிக்கும் நாளிலேயே முடிவு செய்து எழுதி வைத்திருக்க வேண்டும். மழை கொட்டும் ராத்திரியில் கூட்டம் போட்டு முடிவெடுக்க முடியாது.

பதிவேட்டின் நான்கு பக்கங்கள்

முதல் பக்கம் மழை. மேல் வளைவில் ஒன்று, நடுவில் ஒன்று, ஓடைப் பக்கம் ஒன்று என மூன்று மழைமானிகள் போதும். மரத்தடியிலும் கூரை ஓரத்திலும் வைக்கக் கூடாது. தினமும் காலை 8.30க்கு அளக்க வேண்டும். வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30க்குத்தான் முடிகிறது. நாமும் அதே நேரத்தில் முடித்தால்தான் நம் கணக்கு அவர்கள் கணக்கோடு ஒத்துப் போகும். மழையே இல்லாத நாளில் சுழியம் என்று எழுத வேண்டும். காலியாக விட்டால், மழை பெய்யவில்லையா, அளக்க மறந்தோமா என்று பின்னால் யாருக்கும் தெரியாது.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். ஐந்து சென்ட் நிலம் சுமார் 200 சதுர மீட்டர். 115 மி.மீ. பெய்தால் அந்த ஐந்து சென்டில் மட்டும் 23,000 லிட்டர், ஏறக்குறைய இரண்டு தண்ணீர் லாரி. தேயிலையும் சோலையும் இருந்த இடத்தில் சிமெண்ட் போட்ட பிறகு, அந்த இரண்டு லாரித் தண்ணீரும் உடனே எங்கேயாவது போயாக வேண்டும்.

இரண்டாம் பக்கம் தண்ணீரின் வழி. வடிகால், ரோட்டுக்கு அடியில் போகும் குழாய்ப் பாலம், ஊற்று, கிணறு, செப்டிக் டேங்க், எல்லாவற்றையும் ஒரே படத்தில் குறிக்க வேண்டும். ஏன் ஒரே படம் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா வந்து அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளை ஆராய்ந்தபோது, அவை தெருவில் இருந்த ஒரு அடிகுழாயைச் சுற்றியே குவிந்திருந்தன. செப்டம்பர் 8ஆம் தேதி அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதை வரைபடமாகவும் போட்டார். இதுவரை பலருக்குத் தெரியும். அந்தப் பகுதியின் பாதிரியார் ஹென்றி ஒயிட்ஹெட்டைப் பற்றி அவ்வளவாகச் சொல்வதில்லை. மருத்துவர் சொன்னதை அவர் முதலில் நம்பவில்லை. தவறென்று காட்டுவதற்காகவே வீடு வீடாகப் போய் விசாரித்தார். ஒவ்வொரு குடும்பத்தையும் அறிந்தவர் என்பதால் மக்கள் அவரிடம் பேசினார்கள். கடைசியில் அவரே, நோய்வாய்ப்பட்ட ஒரு குழந்தையின் துணி அலசிய தண்ணீர் அந்தக் கிணற்றை ஒட்டிய கழிவுக் குழியில் கொட்டப்பட்டதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

நம் ஊரில் ரேலியா அணைத் தண்ணீர் குழாயில் வராத நாட்களில் பலரும் ஊற்றுத் தண்ணீர் பிடிக்கிறோம். மலை என்பதால் ஒருவர் வீட்டுக் கழிவு இன்னொருவர் குடத்துக்கு மேலே இருக்கிறது. ஊற்றையும் செப்டிக் டேங்கையும் தனித்தனித் தாளில் எழுதினால் இது புலப்படாது. ஒரே தாளில் வைத்தால் உடனே தெரியும். எந்த ஊற்று சந்தேகத்துக்குரியதோ அந்தத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்பலாம். கோத்தகிரியில் கீஸ்டோன் அமைப்பினர் இந்த மலையின் ஊற்றுகள், சதுப்பு நிலங்கள் குறித்துப் பல காலமாக வேலை செய்கிறார்கள். அவர்களிடம் வழி கேட்கலாம்.

மூன்றாம் பக்கம் மண். நம் மலையில் அடியில் கெட்டிப் பாறை, மேலே பல மீட்டர் ஆழத்துக்கு உளுத்த மண். அடைமழையில் தண்ணீர் இறங்கி மண்ணின் துளைகளில் நிறைந்து, வெளியேற வழி இல்லாவிட்டால், மண்ணின் பிடிப்புத் தளர்கிறது. வீடு கட்டச் செங்குத்தாக வெட்டிய இடத்தில் தாங்கலும் இல்லை. அதன் அறிகுறிகள் முன்பே தெரியும். தரையில் புது விரிசல், சாயத் தொடங்கிய மரம், திடீரென்று இறுகிப்போன கதவு, பிதுங்கும் சுவர், சுவரில் அடைத்துக்கொண்ட நீர்த்துளைகள், தெளிவாக ஓடிய ஊற்று கலங்குவது அல்லது நிற்பது. பார்த்த தேதி, இடம், விரிசலின் அகலம் எழுத வேண்டும். அடுத்த வாரம் அதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும். ஒரு தடவை அளந்தது தகவல். இரண்டு தடவை அளந்தால்தான் அது நகர்கிறதா என்று தெரியும்.

நான்காம் பக்கம் மனிதர்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள், ஆக்ஸிஜன் வைத்திருப்பவர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள், கர்ப்பிணிகள், நடக்க முடியாதவர்கள். ரோடு அடைபட்டால் முதலில் பாதிக்கப்படுகிறவர்கள் இவர்கள்தான். இந்தப் பக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

யார் எழுதுகிறார்கள், யார் வைத்திருக்கிறார்கள்

இந்தியாவில் அரிவாள் செல் மரபணு இருப்பது முதலில் கண்டறியப்பட்டது இந்த நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952இல். ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. உலகம் முழுவதும் படித்தார்கள். ஆனால் அந்த மக்களின் வாசலுக்குச் சிகிச்சை வரப் பல பத்தாண்டுகள் ஆயின. கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கமும், கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் அஸ்வினியும் ஊர் ஊராகப் பரிசோதனை செய்து, நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது. கூடலூரில் பழங்குடிப் பெண்களே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி பெற்று, தங்கள் ஊர்க் கணக்கைத் தாங்களே எழுதினார்கள். 2023 ஜூலையில் மத்திய அரசு இந்த நோயை 2047க்குள் ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஒருவரைப் பற்றி எழுதிய தகவல் அவருக்கே திரும்பிப் பயன்பட வேண்டும் என்றால், எழுதுகிறவர் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் நான் இதில் பார்க்கும் பாடம்.

பக்கத்தில் இருப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரிந்துவிடும். வங்கியில் வாடிக்கையாளரின் இருப்பை அவர் மைத்துனர் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டோம். இங்கும் அதே விதி. நான்காம் பக்கம் வரைபடத்தில் வரக் கூடாது, வாட்ஸ்அப் குழுவில் வரக் கூடாது. அவரவர் சம்மதித்தால் மட்டும் எழுதி, உறையிலிட்டு, செயலாளரிடமும் இன்னொருவரிடமும் இருக்கட்டும். நோயின் பெயரும் வேண்டாம். "இரண்டு பேர் தூக்க வேண்டும்", "மின்சாரம் போனால் உடனே பார்க்க வேண்டும்" என்று எழுதினால் போதும்.

எழக்கூடிய கேள்விகள்

"நம் தெருவில் சிவப்புப் புள்ளி வைத்தால் சென்ட் விலை இறங்கிவிடுமே?" கூட்டத்துக்கு முன்பே இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். நியாயமான பயம். வாழ்நாள் சேமிப்பை எல்லாம் அந்தச் சுவருக்குள் போட்டிருக்கிறோம். ஆனால் விரிசலைக் காரை பூசி மறைத்தால் விலை நிற்கும், வீடு நிற்காது. நாம் குறிக்கப்போகும் புள்ளிகளில் பல, அடைத்த வடிகாலும் அடைந்த நீர்த்துளையும். சரிசெய்த அன்றே அந்தப் புள்ளியை எடுத்துவிடலாம். எந்தத் தேதியில் சரிசெய்தோம் என்பதும் பதிவேட்டில் இருக்கும். வாங்க வருகிறவருக்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை.

"இது அரசாங்க வேலை இல்லையா?" ஆம். வடிகால் கட்டுவதும் சரிவைப் பலப்படுத்துவதும் அரசாங்க வேலைதான். ஆனால் மனு எழுதும்போது "எங்கள் பகுதியில் தண்ணீர் தேங்குகிறது" என்று எழுதுவதற்கும், "இந்த இடத்துக் குழாய்ப் பாலம், இன்ன தேதிகளில், இத்தனை மி.மீ. மழைக்கே பொங்கி வழிந்தது" என்று படத்தோடு கொடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவது மனுவைத் திருப்பி அனுப்புவது கடினம்.

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்கவில்லை. நானே கேட்கிறேன். வரைபடத்தின் எல்லை எது? நம் சங்கத்தின் எல்லை மேல் ரோட்டில் தொடங்கிக் கீழ் வளைவில் முடிகிறது. தண்ணீருக்கு அந்த எல்லை தெரியாது. நம் கூரைத் தண்ணீர், முற்றத்துத் தண்ணீர், செப்டிக் டேங்க் நிரம்பிய தண்ணீர் எல்லாம் கீழ் வளைவின் குழாய்ப் பாலம் வழியாக ஓடைக்கரை வீடுகளின் பின்சுவரில்தான் போய் விழுகிறது. அங்கே இருப்பவர்கள் நம் உறுப்பினர்கள் அல்ல, சந்தா கட்டுவதில்லை. எஸ்டேட்டில் இலை பறிக்கிறவர்கள், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், நம் வீடுகளுக்கே வேலைக்கு வரும் அக்காமார்கள். மண் சரிந்தால் முதலில் அவர்கள் மேல்தான் விழும். அதில் நம் தண்ணீரும் இருக்கும்.

ஆகவே அந்த வீடுகளும் நம் வரைபடத்துக்குள் வர வேண்டும் என்பது என் வேண்டுகோள். தினமும் அந்தச் சரிவில் நடக்கிறவர்கள் அவர்கள். புது விரிசலை நமக்கு முன்பே பார்த்துவிடுவார்கள். மூன்றாவது மழைமானியை அங்கே உள்ள ஒரு வீட்டில் வைத்து, அவர்களில் ஒருவரையே அளக்கச் சொல்வோம். பதிவேட்டின் ஒரு பிரதி அவர்களிடமும் இருக்கட்டும்.

இன்று முடிவு செய்ய வேண்டியவை

வானிலைத் துறை ஒரு நாளில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை என்கிறது, 115.6 தொட்டால் மிகக் கனமழை, 204.5 தொட்டால் அதிகனமழை. நிபுணர்கள் நம் சரிவைப் பார்த்து வேறு எண் சொல்லும் வரை இதையே வைத்துக்கொள்வோம். கனமழை என்றால் இருவர் வெளிச்சம் இருக்கும்போதே வடிகால்களை நடந்து பார்த்து அடைப்பை எடுக்க வேண்டும். தொடர்ந்து கொட்டினால் காலை 8.30க்காகக் காத்திருக்காமல் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அளக்க வேண்டும். மொத்தம் 115ஐத் தொட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு, 1077 எண்ணுக்கு, இடத்தோடும் அளவோடும் சொல்லிவிட்டு, ஓடைக்கரை வீடுகளின் கதவைத் தட்ட வேண்டும். அவர்கள் வந்து தங்க இந்தக் கூட்ட அறையைத் திறந்துவிட வேண்டும். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும், ஒருவர் ஓடைப் பக்கத்தவர்.

செலவு பெரிதல்ல. மூன்று மழைமானி, ஒரு நீளப் பதிவேடு, பெரிய தாளில் தெருவின் படம் ஒன்று. படத்தைக் கைபேசியில் ஏற்றும் வேலையைக் கல்லூரிப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். தாளில் எழுதுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். தவறாக எழுதினால் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். அது மட்டும் என் கண்டிப்பு.

காலையில் அளக்க ஒருவர், அவர் ஊருக்குப் போனால் மாற்றாக ஒருவர் என மூன்று இடத்துக்கும் சேர்த்து ஆறு பெயர் வேண்டும். இந்த மடலைப் படிக்கும் நீங்கள் காலை 8.30க்கு வீட்டில் இருப்பவராக இருந்தால், உங்கள் பெயரைச் செயலாளரிடம் கொடுங்கள். ஐப்பசி முதல் தேதி முதல் வரியை எழுதிவிடுவோம். அன்று மழை இல்லாவிட்டால் சுழியம் என்று.